கம்பி போட்ட வாய்க்கு நான் பிசைந்த சோறு

மகளுக்குப் பல்லில் கம்பி போட்ட அன்று டாக்டரம்மா ஒரு தாள் கொடுத்தார். வழவழப்பான கலர் தாள். ஒரு பக்கம் 'சாப்பிடலாம்', மறுபக்கம் 'சாப்பிடக் கூடாது'. சாப்பிடலாம் பக்கத்தில் பாஸ்தா, சீஸ், ஓட்ஸ், மசித்த ஆப்பிள் என்று படத்தோடு போட்டிருந்தது. சாப்பிடக் கூடாது பக்கத்தில் பாப்கார்ன், ஐஸ்கட்டி, சூயிங்கம், பீட்சாவின் ஓரம். நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். பஸ்ஸில் வரும்போது மூன்று முறை படித்தேன். எங்கள் வீட்டில் இருக்கிற ஒரு பண்டத்தின் பெயர்கூட அதில் இல்லை.

காரச்சேவு இல்லை. கடலை மிட்டாய் இல்லை. எண்ணெயில் முக்கிப் பொரித்த பரோட்டா இல்லை. பனங்கிழங்கு, கரும்பு, வறுத்த பட்டாணி, மாங்காய்க் கீற்று எதுவும் இல்லை. இதையெல்லாம் கண்ணால் பார்க்காத யாரோ எழுதியிருக்கிறார்கள். யாரோ அதைத் தமிழில் மாற்றியிருக்கிறார்கள். ஊர் உலகத்துக்கெல்லாம் காலண்டரும் லேபிளும் அச்சடித்து அனுப்புகிற பூமி இது. எங்கள் பிள்ளைகள் என்ன தின்கின்றன என்று கேட்டு எழுதி அச்சடிக்க ஒரு ஆள் இல்லை.

அன்றைக்கு எனக்கு அந்தத் தாள் மேல்தான் கோபம். கோபப்பட வேண்டிய இடம் வேறு என்று தெரிய நான்கு மாதம் ஆனது.

நான் பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டிக்கு மருந்து செலுத்துகிறவள். காகிதக் கூம்புக்குள் வெடிமருந்தை அள்ளிப் போட்டு, குச்சியால் குத்தி இறுக்க வேண்டும். காலை ஏழு மணிக்கு கம்பெனி வேன் ஊருக்குள் வரும். திரும்பி வந்து இறங்க ஆறு ஆகும். வீட்டுக்காரர் லாரி டிரைவர். சரக்கு லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் பத்து நாள், பதினைந்து நாள் வர மாட்டார். ஒரே மகள். கம்பி போட்டபோது ஒன்பதாம் வகுப்பு.

எங்கள் பக்கம் சம்பளம் சனிக்கிழமை. சம்பளம் வாங்கியதும் வேன் நேரே வீட்டுக்குப் போகாது. சேவுக் கடை முன்னால் நிற்கும். யாரும் டிரைவரிடம் சொல்ல வேண்டியதில்லை, அவரே நிறுத்துவார். பெண்கள் எல்லாரும் இறங்கி ஆளுக்கொரு பொட்டலம் வாங்குவோம். காரச்சேவு, சீனிச்சேவு, மிக்சர். வாரம் முழுக்க வெறும் வீட்டுக்குத் திரும்புகிற பிள்ளைகளுக்கு அது. பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்து கதவைத் திறக்கும், டின்னைத் திறக்கும், தின்னும். பக்கத்தில் உட்கார ஆள் இல்லாததற்கு நாங்கள் கொடுக்கிற பதில் அந்தச் சேவு. என் மகள் சேவு என்றால் உயிரை விடுவாள். அப்படித்தான் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். "எம் புள்ளைக்குச் சோறு வேண்டாம், சேவு இருந்தாப் போதும்."

அவளுக்கு மேல்பல் முன்னால் துருத்திக்கொண்டிருக்கும். உதடு மூடாது. வாயைக் கையால் பொத்திக்கொண்டுதான் பேசுவாள். ஒருநாள் தயிர் வாங்க என்னோடு கடைக்கு வந்தாள். மூன்று பயல்கள் சைக்கிளைச் சாத்திக்கொண்டு நின்றார்கள். ஒருவன் சொன்னான், "ஏலே, தேங்கா துருவி வருதுலே. வீட்ல மூடி கெடந்தா எடுத்துட்டு வாங்கலே."

செருப்பைக் கழற்றிக்கொண்டு விரட்டினேன். ஓடிவிட்டார்கள். திரும்பி வந்தபோது மகள் அதே இடத்தில் நின்றாள். அழவில்லை.

"எம்புட்டுப் பேர விரட்டுவ? எனக்குக் கம்பி போட்டு விடும்மா."

அதுவரை அவள் என்னிடம் எதுவும் வேண்டும் என்று கேட்டதில்லை. வீட்டுக்காரர் போனில் கத்தினார். "பல்லுக்குக் கம்பி போட நம்ம என்ன மொதலாளி வீடா?" நான் கேட்கவில்லை. விருதுநகருக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

கம்பி என்றால், ஒவ்வொரு பல்லிலும் ஒரு சின்ன இரும்புப் பொட்டை ஒட்டி, அதன் வழியாகக் கம்பியை ஓட்டி இறுக்குகிறார்கள். மாதம் ஒருமுறை போய் முறுக்கிக்கொண்டு வர வேண்டும். முறுக்கிய நாளிலிருந்து நான்கைந்து நாள் வாய் முழுக்க வலி. கடினமானதைக் கடித்தால் பொட்டு பிய்ந்துவிடும். பிய்ந்தால் மறுபடி ஒட்ட வேண்டும், வைத்தியம் தள்ளிப்போகும். போட்ட இரண்டாவது வாரமே ஒன்று பிய்ந்தது. டாக்டரம்மா வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்னம்மா சாப்பிட்டா?"

"சேவு."

"தாள் குடுத்தேனே, படிக்கலையா?"

"படிச்சேன். அதுல சேவு போடலையே."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "சிரிக்காதீக. எங்க வீட்ல பாஸ்தா இல்ல. இருக்கிறதச் சொல்லுங்க" என்றேன். அவருக்கு முகம் மாறிவிட்டது. நல்ல பெண்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "சரி, உங்க வீட்ல என்னென்ன செய்வீங்க, ஒண்ணொண்ணாச் சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் அவர் பதில் சொன்னார். இட்லி சரி, சாம்பாரில் ஊறவைத்துக் கொடு. தோசை மெத்தென்று இருந்தால் சரி, முறுகல் கூடாது. கேப்பைக் கூழ், கம்மங்கூழ் ரொம்ப நல்லது, ஆனால் தொட்டுக்கொள்ள மோர்மிளகாயும் வத்தலும் கூடாது. பொங்கல், பருப்புச் சோறு, தயிர்ச் சோறு சரி. முட்டை அவித்து மசித்துக் கொடு. சீனிக்கிழங்கை அவித்து நாரை எடுத்துவிட்டுக் கொடு. வாழைப்பழம், பப்பாளி, நுங்கு சரி. கொய்யாக்காயைக் கடிக்கக் கூடாது. கறி எடுத்தால் கொத்துக்கறி, எலும்பைக் கடிக்க விடாதே. பரோட்டா சால்னாவில் எவ்வளவு ஊறினாலும் இழுக்கும், வேண்டாம். பால்கோவா கொஞ்சம் கொடு, தின்றபின் வாயைக் கொப்பளிக்கச் சொல். கடலை மிட்டாய், எள்ளுருண்டை, முறுக்கு, சேவு, கரும்பு, பனங்கிழங்கு பக்கமே போகக் கூடாது.

இப்படி ஒருத்தர் சொன்னால் எனக்குப் புரியும். வீட்டுக்கு வந்து சேவு டின்னைக் கவிழ்த்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அள்ளிக்கொண்டு போயின. சனிக்கிழமை வேன் நின்றால் நான் மட்டும் இறங்குவதில்லை. எதையும் அரைகுறையாகச் செய்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. பள்ளிக்கூடத்து மதியச் சாப்பாட்டையும் நிறுத்தினேன். அதில் கொண்டைக்கடலை போடுவார்கள், பட்டாணி போடுவார்கள், வேகாமல் கிடந்தால் பல்லில் பட்டுப் பொட்டு போய்விடும் என்று பயம். "இனி வீட்ல இருந்து கொண்டு போறதத்தான் திங்கணும். தட்டத் தூக்கிட்டு அங்கன போய் நின்ன, காலை ஒடிச்சிருவேன்" என்று சொன்னேன். "முட்டை மட்டுமாவது வாங்கிக்கிடுறேன்" என்றாள். "நான் அவிச்சுத் தாறேன்" என்றேன்.

காலை ஐந்து மணிக்கு எழுந்து சோற்றைக் குழைய வடிப்பேன். பருப்பை மலர வேகவைத்து, கொஞ்சம் நெய் விட்டு, கையால் பிசைவேன். மிக்சியில் அடித்தால் அது லேபிள் ஒட்டுகிற பசை போல ஆகிவிடும். கையால் பிசைந்தால்தான் சோறும் பருப்பும் ஒன்றாகச் சேரும். முட்டையை விரலால் பொடித்து உள்ளே வைப்பேன். சாயங்காலம் வந்ததும் கூழ் கரைத்துக் கொடுப்பேன். அதையும் கையால்தான் கரைப்பேன், கட்டி தட்டக் கூடாது என்று. அந்த நான்கு மாதம் நான் அவளுக்குச் செய்த மாதிரி அதற்கு முன் செய்ததில்லை. உண்மையிலேயே எனக்குக் கர்வமாக இருந்தது.

அவள் மெலிந்துகொண்டே வந்தாள்.

டப்பா தினமும் கழுவித் திரும்பி வரும். "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்." பாவாடையில் ஒரு ஊக்கு குத்தினாள், பிறகு இரண்டு. கூழைக் கொடுத்தால், "வை, குடிக்கேன்" என்பாள். நான் குளிக்கப் போய்விட்டு வந்தால் டம்ளர் காலியாக இருக்கும். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போனது. வேனில் ஒருத்தி சொன்னாள், "இந்தக் காலத்துப் புள்ளைக மெலியணும்னே பட்டினி கெடக்குதுக மதினி. எல்லாம் செல்போனப் பாத்துக் கெட்டுப் போச்சுக." அதை நம்பினேன். பல் சரியாகப் போகிறது, அடுத்து உடம்பை நடிகை போல ஆக்கப் பார்க்கிறாள் என்று முடிவு செய்தேன். ஒருநாள் காலையில் டப்பாவை எடுக்காமல் கிளம்பினாள். கரண்டிக் காம்பால் முதுகில் அடித்தேன். "விடியாம எந்திரிச்சுப் பெசையிறேன், உனக்குத் திமிரு" என்றேன். அவள் டப்பாவை எடுத்துக்கொண்டு போனாள். அடித்த தடம் இரண்டு நாள் இருந்தது. இதை நான் எழுதாமல் விட்டிருக்கலாம். எழுதத்தான் வேண்டும்.

பட்டாசுக் கம்பெனியில் செல்போனை உள்ளே கொண்டு போக முடியாது. கேட்டில் வாங்கி வைத்துக்கொண்டு, சாயங்காலம்தான் தருவார்கள். தீபாவளி சீசன் நடந்துகொண்டிருந்தது. ஐந்தரைக்கு போனைக் கையில் வாங்கினால் பதினேழு தவறிய அழைப்பு. எல்லாம் பள்ளிக்கூடத்து டீச்சருடையது. காலையில் பிரேயரில் மகள் மயங்கி விழுந்துவிட்டாள். தண்ணீர் தெளித்து உட்காரவைத்தபின் மறுபடி விழுந்திருக்கிறாள். என்னையும் பிடிக்க முடியாமல், நாக்பூர் பக்கம் போய்க்கொண்டிருந்த அவள் அப்பாவையும் பிடிக்க முடியாமல், டீச்சரே ஆட்டோ பிடித்து விருதுநகர் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்.

குழாயடியில் கையையும் முகத்தையும் சோப்புத்தூள் போட்டுக் கழுவிவிட்டு அப்படியே ஓடினேன். வார்டில் டீச்சர் இருந்தார். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். டீச்சர் என்னை வராந்தாவுக்குக் கூட்டிப் போனார்.

"வீட்ல என்னம்மா பிரச்சினை?"

"ஒண்ணும் இல்ல டீச்சர். தினமும் பாத்துப் பாத்துக் குடுத்து விடுறேன்."

"அதத்தான் கேக்குறேன். நீங்க குடுத்து விடுறத அவ நாய்க்குக் கொட்டுறா. ஸ்கூல் பின்னால ஒரு செவல நாய் கெடக்கு. அது உருண்டு போய்க் கெடக்கு. பிள்ளைங்க இன்னைக்குத்தான் எங்கிட்டச் சொல்லுதுங்க."

டீச்சர் போன பிறகு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்குப் பரிதாபம் வரவில்லை. கோபம்தான் வந்தது. ஒரு நாயை நான்கு மாதம் நெய் விட்டு வளர்த்திருக்கிறேன்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு கிழவிக்குக் காலில் ஆறாத புண். மருமகள் கூட இருந்தாள். மல்லாங்கிணறு பக்கத்துக்காரி, மானாவாரிக் காட்டு வேலை. தூக்குவாளியில் அரிசிக் கஞ்சி வைத்திருந்தாள். மகள் கண் விழித்ததும் அவளே கேட்டாள், "ஏத்தா, ஒரு வாய் கஞ்சி குடிக்கியா?" மகள் தலையை ஆட்டினாள். அந்த அம்மா டம்ளரில் ஊற்றி, கரண்டியால் ஊட்டினாள். மகள் குடித்தாள். பாதி டம்ளர் உள்ளே போனது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கோபமெல்லாம் போய்விட்டது. "நான் குடுக்கேன் மதினி" என்று வாங்கினேன். கடையில் வாங்கி வந்திருந்த இட்லியைக் கஞ்சிக்குள் போட்டு விரலால் நன்றாக மசித்து, ஒரு வாய் அள்ளி நீட்டினேன்.

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "போதும். வயிறு நெறஞ்சிருச்சு."

"இம்புட்டுக் குடிச்சா நெறஞ்சிருமா? வாயத் தெற."

"வேண்டாம்மா."

அந்த அம்மா சும்மா இருந்திருக்கலாம். வேறு டம்ளரில் கஞ்சி ஊற்றி நீட்டினாள். மகள் அதை வாங்கிக் குடித்தாள்.

வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். "யாரோ குடுத்தா எறங்குது, பெத்தவ குடுத்தா கசக்குதோ? அப்படி என்னத்தடி உனக்கு நான் கொற வச்சேன்?"

மகள் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த அம்மா என் தோளைத் தொட்டாள். "மதினி, கோவிச்சுக்கிடாதீக. நீங்க பட்டாசு வேலைக்கா போறீக?"

"ஆமா. அதுக்கு என்ன இப்ப?"

"இல்ல, எங்க ஊர்ல அந்த வேலை கெடையாது. அதான் எனக்குத் தெரியுது போல. உங்க கையில மருந்து வாடை அடிக்குது. நீங்க உள்ள வரையிலயே அடிச்சுச்சு."

மகள் படுத்தபடியே, "அத்தை, சொல்லாதீக" என்றாள்.

கையை மூக்குக்குக் கொண்டுபோய் மோந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. மறுபடி மோந்து பார்த்தேன். சோப்புத்தூள் வாசம் கொஞ்சம். வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. பதினெட்டு வருடம் அதற்குள்ளேயே இருக்கிறவளுக்கு எப்படித் தெரியும்? வேனில் வருகிறவர்களுக்கும் தெரியாது. எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. நகக்கண்ணில் மட்டும் வெள்ளி மினுங்கியது. அது எப்போதும் இருப்பது.

"நெசமா, புள்ள?"

அவள் கண்ணைத் திறந்தாள். "நீ பெசஞ்சா கந்தக வாடை வருதும்மா. வாய்க்குள்ள போனா நாக்குல ஒரு மாதிரி இருக்கும். கம்பிக்குள்ள சோறு மாட்டிக்கிடும்ல, அது சாயந்தரம் வரைக்கும் போகாது. வாந்தி வாந்தியா வரும்."

"எப்ப இருந்து?"

"தெரியல. ஒண்ணாப்பு படிக்கையில இருந்து."

"அப்ப இம்புட்டு நாளும் என்னத்தத் தின்ன?"

"மத்தியானம் பள்ளிக்கூடத்துச் சாப்பாடு. சாயந்தரம் சேவு."

அவளுக்குச் சேவு பிடிக்கும் என்று ஊரெல்லாம் சொன்னேன். அது என் கை படாத தீனி, அவ்வளவுதான். இட்லி தோசை என்றால் கரண்டியால் எடுத்து வைப்பேன், அதைக் கொஞ்சம் தின்பாள். பிசைந்து கொடுப்பதைச் சின்ன வயதிலேயே தள்ளிவிட்டாள், நானும் விட்டுவிட்டேன். கம்பி வந்தது. சேவை நான் நிறுத்தினேன். பள்ளிக்கூடத்துத் தட்டையும் நான்தான் நிறுத்தினேன். அவள் பிழைத்துக் கிடந்த இரண்டு வழியையும் அடைத்துவிட்டு, அவளால் தொட முடியாத ஒன்றை மட்டும் காலையும் மாலையும் முன்னால் வைத்தேன். தின்னவில்லை என்று அடிக்கவும் செய்தேன்.

"எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா நீ வேலைக்குப் போகாம இருப்பியா?"

இருக்க மாட்டேன். அவளுக்கே தெரிந்திருக்கிறது.

மறுநாள் வார்டு டாக்டர் ரத்தம் குறைவு என்றார். என் கையைத் திருப்பிப் பார்த்தார். "இந்தக் கையால சாப்பாட்டைத் தொடாதீங்கம்மா. வாடை மட்டும் இல்ல, மருந்தும் சேர்ந்து உள்ள போகும். உங்களுக்கும் ஆகாது." இதைச் சொல்ல ஒரு டாக்டர் வேண்டியிருந்தது. கம்பெனியில் கையுறை உண்டு. ஆபீசர் பார்வையிட வருகிற அன்றைக்குக் கொடுப்பார்கள், போன பிறகு வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுவார்கள்.

பல் டாக்டரம்மாவிடம் போனோம். எடை பார்த்தார். அவருக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது. "ஒரு மாசம் பாப்பேன். எடை ஏறலைன்னா கம்பியைக் கழட்டிருவேன். உயிரை விடப் பல்லு பெருசில்ல" என்றார். மகள் ஆஸ்பத்திரியில்கூட அழவில்லை. அங்கே, அந்தச் சாய்வு நாற்காலியில், வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "கழட்டாதீங்க டாக்டர். திங்கேன். என்னத்தக் குடுத்தாலும் திங்கேன்."

அந்த வாரம் என் கையைத் தேய்த்த மாதிரி நான் எந்தப் பாத்திரத்தையும் தேய்த்ததில்லை. புளி, எலுமிச்சம்பழம், சீயக்காய், மண்ணெண்ணெய். தேங்காய் நார் போட்டுத் தேய்த்துத் தோல் கிழிந்தது. அடுத்த நாள் மருந்துக்குள் கையை விட்டபோது எரிந்த எரிச்சலில் கண்ணீர் வந்தது. வீட்டுக்கு வந்து கையை மகள் மூக்குக்கு முன்னால் நீட்டினேன். "போயிருச்சாடி?" அவள், "கொஞ்சம் பரவால்லம்மா" என்றாள். பொய் சொல்கிறாள் என்று தெரிந்தது.

போர்மேனிடம் போய் பாக்கிங் பகுதிக்கு மாற்றிவிடச் சொன்னேன். அங்கே பெட்டி அடுக்குகிற வேலை, மருந்தில் கை படாது.

"எதுக்கு?"

சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அவர் சத்தம் போட்டுச் சிரித்தார். "ஏம்மா, சீசன் நேரத்துல செலுத்துற கை போய்ப் பெட்டி அடுக்கவா? உம் மக மூக்குக்கு ஆகலைன்னா கம்பெனிய சாத்திட்டுப் போகவா? நாங்கல்லாம் எங்க ஆத்தா கையில தின்னுதான் வளந்தோம்."

"உங்க ஆத்தா மருந்தா செலுத்துச்சு?"

சிரிப்பு நின்றுவிட்டது. "தீபாவளி முடியட்டும், பாப்போம்" என்றார். தீபாவளி முடிந்தது. இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். நானும் மாதம் ஒருமுறை போய் நிற்கிறேன்.

சத்துணவுக்கு மறுபடி போகச் சொன்னேன். நானே அரைநாள் லீவு போட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய், அங்கே சமைக்கிற அம்மாவிடம் பேசினேன். "கொண்டைக்கடலைய மட்டும் தனியா எடுத்துருங்க மதினி. கம்பி போட்டிருக்கு." அவர், "இத மொதல்லயே சொல்லிருந்தா என்ன? நான் மசிச்சே போடுறேன்" என்றார். இவ்வளவுதான் காரியம். ஒரு வாய் வார்த்தை. அதற்குப் பதிலாகத் தட்டையே பிடுங்கிக்கொண்டவள் நான்.

வீட்டில் சமையலை மகள் எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொண்டாள் என்று சொல்வது அழகாக இருக்கிறது. பதினான்கு வயதுப் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்து, தனக்கான சோற்றைத் தானே வடித்துத் தானே கடைந்து தின்கிறது. நான் அடுப்படி வாசலில் உட்கார்ந்து வாயால் சொல்வேன். இன்னும் ரெண்டு விசில் விடு. தண்ணி சேத்துக்கோ. கிழங்கோட நாரை உருவு. பருப்பு மத்தை வைத்துக் கடைவாள். நாள் முழுக்க நின்றுவிட்டு வந்த எனக்கும் அவளே போடுவாள். லோடு இறக்கிவிட்டு வந்த அவள் அப்பா இதைப் பார்த்துவிட்டு, "ஆத்தாகாரி ராணி மாதிரி உக்காந்திருக்கா" என்றார். மகள்தான் அவரைத் திரும்பிப் பார்த்து, "அப்பா, நீங்க சும்மா இருங்க" என்றாள்.

ஒரு மாதம் கழித்து எடை ஏறியிருந்தது. நிறைய இல்லை. டாக்டரம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. "வீட்ல யார் சமையல்?" என்று கேட்டார். "நான்தான்" என்றாள் மகள். "கெட்டிக்காரி" என்று கன்னத்தைத் தட்டினார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன். கம்பியைக் கழற்றவில்லை. நன்றாக இறுக்கி முறுக்கி அனுப்பினார்.

அது ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக்கு வரும்போது மதியம். மகளுக்கு வலி மண்டை வரைக்கும் ஏறிவிட்டது. காலையிலிருந்து தின்னவில்லை. காலையிலேயே அவள் வேகவைத்த பருப்பும் சோறும் சட்டியில் கிடந்தன. மத்தைப் பிடித்து நான்கு சுற்று சுற்றினாள். முடியவில்லை. கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தாள்.

"நீயே பெசஞ்சு குடும்மா. எனக்குத் தலை சுத்துது."

நான் எழுந்திருக்கவில்லை.

"பரவால்லம்மா. மூக்கப் பிடிச்சுக்கிடுறேன்."

நல்ல மனதோடுதான் சொன்னாள். வலியிலும் என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். வேறு யாராவது இருந்தால் கட்டிப் பிடித்து அழுதிருப்பார்கள், அள்ளி ஊட்டியிருப்பார்கள். எனக்கும் கை பரபரத்தது. நேற்றுச் சாயங்காலம் வரை மருந்துக்குள் இருந்த கை அது. நான் பிடித்தால் மத்திலும் வாடை ஏறும்.

"மாட்டேன்" என்றேன்.

"பசிக்குதும்மா."

"கொஞ்சம் உக்காந்து மூச்சு வாங்கு. பெறகு நீயே கடை. எம்புட்டு நேரம் ஆனாலும் சரி, நான் இங்கனதான் இருக்கேன்."

கொஞ்ச நேரம் கழித்து அவள் மத்தை எடுத்தாள். சட்டி வழுக்கிக்கொண்டே போனது. கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, சட்டியை வெளிப்பக்கமாக இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் கடைந்தாள்.